பாட்டுக்குள் ஒரு மலை – 7: தோழி கேட்ட கேள்வி

கடுவெளிச் சித்தரின் ஆண்டியைச் சென்ற வாரம் பார்த்தோம். குயவனிடம் மாதக்கணக்கில் மன்றாடி ஒரு பானை வாங்கி, அதை ஆட்டம் போட்டே உடைத்துவிட்டவன் அவன். குயவன் படைத்தவன், பானை உடம்பு, கெஞ்சிய மாதங்கள் கருவறையில் கிடந்த மாதங்கள் என்று முடிச்சை அவிழ்த்தோம். அடுத்த பாட்டுக்கான சாவி அட்டுவம்பட்டியில் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

அட்டுவம்பட்டிக்கே வருவோம். கொடைக்கானல் ஏரியைத் தாண்டி வில்பட்டிப் பக்கம் போனால் வரும் மலை ஊர் இது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. பெண்களுக்கென்றே தமிழக அரசு ஏற்படுத்திய அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டு 1984.

அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே வேளையில், மலையின் மறுபக்கம் செயின்ட் மேரிஸ் சாலையில், பாம்பார் சோலையின் விளிம்பில் ஒரு தொழிற்சாலையும் ஓடத் தொடங்கியது. ஒரு மலைக்கு ஒரே சமயத்தில் இரண்டு விருந்தாளிகள். ஒன்று எழுத்தைக் கொண்டுவந்தது. மற்றொன்று பாதரசத்தை.

31 ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலை 30 அன்று, இணையத்தில் ஒரு பாட்டு வெளியானது. பெயர் ‘கொடைக்கானல் வோன்ட்’. எழுதிப் பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சித்தர் பாடல் போல இதில் மறைபொருள் பேசும் பரிபாஷை இல்லை. எளிய ஆங்கிலம்தான். ஆனாலும் சில நாள்களில் இதைக் கேட்ட பல லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு இதன் பொருள் பாதிதான் எட்டியிருக்கும். சோலை எது, எந்தத் தொழிலாளி, எந்த மண், கேட்பது யார், யாரிடம் கேட்கிறார் என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே, இந்த மலையில் கிடக்கின்றன.

சித்தர் பாட்டு சொல்லை மறைத்து வைக்கிறது. இந்தப் பாட்டு சொல்லைத் திறந்து வைக்கிறது, ஊரைத் தெரியாதவருக்கு அதுவே புதிராகிவிடுகிறது. இதில் மூன்று முடிச்சுகள். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

✦

முதல் முடிச்சு: ரசம்

பழனி மலைத்தொடருக்குப் பாதரசம் புதிதல்ல. அடிவாரத்துப் பழனியில் போகர் நவபாஷாணத்தில் முருகனை வடித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. மேலே பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலிலும் போகர் பெயரைச் சொல்கிறார்கள். சித்த மருத்துவத்தில் பாதரசம் சிவன், கந்தகம் சக்தி. சூதம், ரசம் என்று பல பெயரில் சித்தர்கள் அதைப் பாடினார்கள். முறைப்படி சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது என்று எச்சரித்தார்கள். கட்டுக்கு அடங்காத அந்தத் திரவத்தைக் கட்டி மணியாக்குவதைப் பெரிய சித்தியாகக் கொண்டாடினார்கள்.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம் பாதரசம். தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். அதைக் கொதிக்க வைக்க 357 டிகிரி சூடு வேண்டும். ஆனால் ஆவியாவதற்கு அது கொதிக்கும்வரை காத்திருப்பதில்லை. தரையில் சிந்திய ஒரு துளி பத்தாக, நூறாகச் சிதறி, பலகை இடுக்கில் ஓடி ஒளிந்துகொண்டு, அங்கிருந்தபடியே கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் ஏறும். வாசனை கிடையாது. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கை நடுக்கம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் இருந்த பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டபோது, அதன் இயந்திரங்கள்தாம் கடல் தாண்டிக் கொடைக்கானலின் செயின்ட் மேரிஸ் சாலைக்கு வந்தன. பாதரசமும் கண்ணாடியும் அமெரிக்காவிலிருந்து வந்தன, செய்து முடித்த தெர்மாமீட்டர்களும் அங்கேயே ஏற்றுமதி ஆயின. 1987இல் உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதும் தொழிற்சாலையும் கை மாறியது. ஊர்க்காரர்களுக்கு நல்ல சம்பளம் தரும் கம்பெனி அது. மலையில் அப்படிப்பட்ட வேலை வேறு எங்கே கிடைக்கும்? இளைஞர்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள்.

காய்ச்சல் பார்க்கும் ஒரு தெர்மாமீட்டருக்குள் இருப்பது ஒரு கிராமுக்கு உட்பட்ட பாதரசம்தான். ஆனால் கண்ணாடி உடையும். தினம் தினம் உடையும். உடைந்ததெல்லாம் எங்கே போனது?

விடை 2001 மார்ச் 7 அன்று வெளியே வந்தது. கொடைக்கானலின் நெரிசலான மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடை. அங்கே சாக்கு சாக்காகக் கண்ணாடிக் கழிவு. சாக்கைப் பிரித்தால் உடைந்த தெர்மாமீட்டர் துண்டுகள், அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த பாதரசம். முன்னாள் தொழிலாளர்களும் ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து அதை உலகத்துக்குக் காட்டினார்கள். அங்கிருந்தது 7 டன்னுக்கு மேல் என்றார்கள் போராடியவர்கள். 5.3 டன் என்றது நிறுவனம். அந்த மாதமே உற்பத்தி நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, மறுசுழற்சிக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. பணக்கார நாடுகளின் குப்பை நம் கரையில் ஒதுங்கும் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, குப்பை வந்த வழியே திரும்பிப் போன கதை இது.

மூட்டையில் கட்ட முடிந்தது போய்விட்டது. கட்ட முடியாதது?

ஹைதராபாதைச் சேர்ந்த அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் கொடைக்கானல் மரங்களில் படர்ந்திருந்த பாசிகளைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் பாதரசம் இருந்தது. பாசிக்கு மண்ணில் வேர் கிடையாது. அது பெரிதும் நம்பியிருப்பது காற்றையும் மழையையும். ஆகவே பாசிக்குள் பாதரசம் என்றால், காற்றில் வந்தது என்று பொருள். அவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பேரிஜம், குக்கால் ஏரிகளையும் சோதித்திருந்தார்கள். அவற்றில் அளவு குறைவு.

தண்ணீருக்குப் போன பாதரசத்தை நுண்ணுயிர்கள் இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றும், அது மீனுக்குள் சேரும். அப்படி மீனுக்குள் சேரும் பாதரசம் மனிதரை என்ன செய்யும் என்பதே ஜப்பானின் மினமாட்டா ஊர் உலகுக்குச் சொன்ன பாடம். இங்கே பாம்பார் சோலையில் பிறக்கும் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்கி வைகையைச் சேர்கிறது. சோலையின் மேட்டில் நின்றது அந்தத் தொழிற்சாலை.

இனி பாட்டைக் கேளுங்கள். அசுத்தம், நோய், சுத்தம் செய் என்று அந்தப் பெண் சொல்லும் ஒவ்வொன்றும் வெறும் கோஷமாகக் கேட்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருக்கிறது: மூஞ்சிக்கல், செயின்ட் மேரிஸ் சாலை, பாம்பார்.

முதல் முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் இத்தனை துயரத்தைச் சொல்ல, அவர் ஏன் ஆட்டம் போட வைக்கும் ஒரு மெட்டைத் தேர்ந்தெடுத்தார்?

✦

இரண்டாம் முடிச்சு: மெட்டு

‘கொடைக்கானல் வோன்ட்’ பாட்டின் மெட்டு சொந்த மெட்டல்ல. 2014இல் உலகெங்கும் ஒலித்த நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாட்டின் மெட்டு. அந்தப் பாட்டே 1992இல் வந்த சர் மிக்ஸ்-எ-லாட்டின் பாட்டிலிருந்து எடுத்துக் கட்டியது. இரவல் மெட்டின் மேல் இரவல்.

நச்சைப் பற்றிப் பாடவேண்டியவர் கேளிக்கைப் பாட்டை எடுத்தது பலருக்கு உறுத்தியது. தமிழ்ப் பாட்டு மரபை அறிந்தவருக்கு உறுத்தத் தேவையில்லை. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சி.யைக் கலெக்டர் விஞ்ச் மிரட்டுவதாகவும், வ.உ.சி. திருப்பிக் கொடுப்பதாகவும் பாரதி பாடல்கள் எழுதினார். மெட்டுக்கு அவர் கைநீட்டியது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளிடம். அந்தக் கீர்த்தனைகள் அன்று வீட்டுக்கு வீடு பாடப்பட்டவை. சிதம்பரம் போகத் துடித்த பண்ணையாளையும், அவனை விடாமல் தடுத்த ஆண்டையையும் பற்றியவை. அந்த மெட்டைக் கேட்ட மாத்திரத்தில், யார் ஆண்டை, யார் நந்தன் என்று கேட்பவர் மனம் தானே பொருத்திக்கொண்டது. பாரதி எழுதாத பாதியை மெட்டு சொல்லிவிட்டது.

சோஃபியா செய்ததும் இதுதான். ‘அனகோண்டா’வின் மையம் ஒரு பெண்ணின் உடல். அந்த உடலைப் பார்ப்பதற்கான ஒன்றாகவே உலகம் கொண்டாடியது. அதே மெட்டுக்குள் தொழிலாளியின் உடலைக் கொண்டுவந்து நிறுத்தினார் அவர். நடுங்கும் கை, பழுதான சிறுநீரகம், இளைத்த உடம்பு. அழகைப் பார்க்க வந்த கண், நோயைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

மெட்டு இன்னொரு காரியத்தையும் செய்தது. 2001 முதல் 2015 வரை 14 ஆண்டுகள் இந்த விவகாரத்தில் அறிக்கைகள் வந்தன, மனுக்கள் போயின, ஊர்வலங்கள் நடந்தன. நித்யானந்த் ஜெயராமன் போன்ற எழுத்தாளர்கள் விடாமல் எழுதினார்கள். முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. தங்கள் தொழிற்சாலை யாரையும் நோயாளி ஆக்கவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு கோப்புக்குள் முதுமை அடைந்துகொண்டிருந்தது. கோப்பைப் படிக்காத தலைமுறை மெட்டுக்குத் திரும்பிப் பார்த்தது. பாட்டு பரவிய வேகத்தில் நிக்கி மினாஜே அதைத் தம் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். யூனிலீவரின் அன்றைய தலைமை அதிகாரி பால் போல்மன் அதே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஆக, மெட்டின் மர்மமும் அவிழ்ந்தது. இனி மூன்றாவது, இருப்பதிலேயே இறுக்கமான முடிச்சு. பாட்டில் பேசுவது யார்?

✦

மூன்றாம் முடிச்சு: குரல்

சோஃபியா கொடைக்கானல்காரர் அல்ல. அந்தத் தொழிற்சாலையில் ஒரு நாளும் வேலை பார்த்தவர் அல்ல. பாட்டின் தலைப்பிலோ ஊரே ஓர் ஆளாக நின்று மறுக்கிறது. பரிகாரம் கிடைக்காமல் விடப்போவதில்லை என்ற பிடிவாதம்தான் பல்லவியின் சாரம். அப்படியென்றால் இந்தக் குரல் யாருடையது? ஊரின் குரலா, பாதிக்கப்பட்டவர் குரலா, வெளியிலிருந்து வந்தவர் குரலா?

மேற்கத்திய ராப் மரபில் தேடினால் இதற்கு நேரான விடை கிடைக்காது. ‘நான்’ என்று பாடுபவர் தன் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சாவி நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் பெயர் குறிஞ்சித் திணை.

சங்க அகப்பாட்டில் புலவர் தன் குரலில் பேசமாட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கூற்று உண்டு: தலைவி கூற்று, தலைவன் கூற்று, தோழி கூற்று. குறிஞ்சி மலையில் நடக்கும் கதை நமக்குத் தெரியும். வெளியூர்த் தலைவன் மலைக்கு வருகிறான், பழகுகிறான், போகிறான். தலைவி உடல் மெலிகிறாள். அவளுக்கு வாய் எழவில்லை. அப்போது முன்னால் வந்து நிற்பவள் தோழி. வந்தாயே, போகிறாயே, இவளுக்கு என்ன வழி சொல்கிறாய் என்று தலைவனை நேருக்கு நேர் கேட்கிறாள். இலக்கணக்காரர்கள் இதற்கு வரைவு கடாதல் என்று துறை வகுத்தார்கள். இரவில் வந்து போகும் உறவை ஊரறிந்த பொறுப்பாக மாற்றச் சொல்லும் துறை அது. தோழிக்கு அந்த நோய் இல்லை. நோயுற்றவள் பக்கத்தில் நிற்பதே அவளுக்குப் பேசும் உரிமையைத் தருகிறது.

‘கொடைக்கானல் வோன்ட்’ தோழி கூற்று. வெளியிலிருந்து வந்தவன் யார், பழகிவிட்டுப் போனவன் யார், மெலிந்து நிற்பவர் யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையில் காதல் ஏதும் இல்லை, கணக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் பொறுப்பைக் கேட்கும் குரல் அதே குரல்.

இந்தச் சாவியை இன்னும் கொஞ்சம் திருகிப் பாருங்கள். சங்கப் பாட்டில் தலைவனை அசைய வைப்பது தோழியின் சொல் மட்டுமல்ல, அலர். விஷயம் ஊர் வாயில் விழுந்துவிட்டால் தலைவன் இனியும் இரவுக்குள் ஒளிய முடியாது. இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தது, பகிர்ந்தது, கையெழுத்து இயக்கத்தில் சேர்ந்தது, இவையெல்லாம் இந்தக் காலத்து அலர்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு முழுவதும் தோழியின் பேச்சு. மறைந்து நடந்த உறவைச் செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்கிறாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்தப் பாடியது அது என்கிறது பழைய குறிப்பு. உள்ளூர்ச் செய்தியை வெளியாளுக்கு விளங்கும்படி சொல்லும் பொறுப்பும் அந்தப் பாட்டுக்கு இருந்தது. சோஃபியா ஆங்கிலத்தில் பாடியதற்கு நான் காணும் காரணமும் அதுவே. லண்டனில் யூனிலீவர் தலைமையகத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழ வேண்டிய கேள்வியை அவர் காதுக்குப் பழகிய ஓசையில் கேட்டாக வேண்டும்.

சோஃபியா இந்தத் துறைகளை நினைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமல்ல. குறிஞ்சி நிலத்தில் அநியாயம் நடந்தால் தோழி பேசுவாள் என்பது இந்த மொழி நமக்குப் பழக்கிவிட்ட ஒன்று. நோயுற்றவர் தன் வலியைத் தானே நிரூபிக்க வேண்டும் என்று உலகம் கேட்கிறது. 14 ஆண்டுகள் கொடைக்கானல் தொழிலாளர்களிடம் அதைத்தான் கேட்டார்கள். அந்தச் சுமையில் ஒரு கை கொடுப்பதுதான் தோழியின் வேலை. பாட்டுக்கு இதைவிட உயர்ந்த வேலை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

✦

தோழி கேட்டாள். தலைவன் அசைந்தானா?

அசைந்தான். பாட்டு வெளியாகி எட்டாவது மாதம், 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக, யூனிலீவரின் இந்திய நிறுவனமான இந்துஸ்தான் யூனிலீவர் உடன்படிக்கை செய்துகொண்டது. 10 ஆண்டுகள் உயர் நீதிமன்றத்தில் இருந்த வழக்கு முடிவுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் தருவதாக நிறுவனம் சொன்னது. தொகை வெளியே சொல்லப்படவில்லை. கொடைக்கானலில் கண்ணீரும் கைதட்டலும் கலந்தன. அந்தத் தீர்வைக் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்தவர்களின் குடும்பங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

பாட்டு வென்றது, கதை முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். மலை அப்படி நினைக்கவில்லை.

உடன்படிக்கை மனிதர்களுக்கு. மண்ணுக்கு? தொழிற்சாலை வளாகத்து மண்ணில் பாதரசம் அப்படியே இருந்தது. மழை பெய்தால் கீழே சோலை, சோலைக்குக் கீழே ஆறு. சுத்தம் செய்ய நிறுவனம் சம்மதித்திருந்தது, அதில் சச்சரவு இல்லை. சச்சரவு ஒரே ஓர் எண்ணைப் பற்றி. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சம் இருந்தால் ‘சுத்தம்’ என்று கையெழுத்துப் போடலாம்?

கொடைக்கானலுக்கு என்று கோப்பில் எழுதப்பட்டிருந்த எண் 20.

தாய் நிறுவனமான யூனிலீவரின் தலைமையகம் உள்ள பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு இதைவிடப் பல மடங்கு கறாரான அளவு இருக்கிறது, அங்கே ஒரு நியாயம் இங்கே ஒரு நியாயமா என்று கேட்டார்கள் போராடியவர்கள். இந்த இடத்துக்கென்று அறிவியல் முறைப்படி ஆபத்தைக் கணக்கிட்டு எடுத்த எண் இது என்றது நிறுவனம்.

2018 பிறந்தது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். முன்பு அது பூத்தது 2006இல், தொழிலாளர்கள் நீதிமன்றப் படியேறிய அதே ஆண்டு. அது மறுபடி பூத்த 2018இல் தோழி மறுபடி வாய் திறந்தாள். இந்த முறை அவள் தனியாக வரவில்லை. அவளோடு ஒரு கர்னாடக சங்கீத வித்வான் வந்தார். ராக் குழுவில் பாடிப் பழகிய இன்னொரு குரலும் சேர்ந்தது. டி.எம். கிருஷ்ணா, அம்ரித் ராவ், சோஃபியா அஷ்ரஃப் மூவரும் சேர்ந்து பாடிய இரண்டாவது பாட்டு, நேராக அந்த 20 என்ற எண்ணின் மேல் கைவைத்தது.

அந்த எண்ணை எழுதியது யாருடைய பேனா? எந்தக் கணக்கில் எழுதினார்கள்? ராகமும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்று கேட்டபோது, பாம்பார் சோலைக்கு மேலே கதவடைத்துக் கிடந்த அந்த வளாகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

(தொடரும்)

அடுத்த வாரம்: இருபது மில்லிகிராம்